இறங்கி நின்றால் தெரியும்

ஊர் ஜவுளிக்கடைக் கதவுகளில் எல்லாம் "டால் கேர்ல்ஸ் மட்டும் வேலைக்கு வரவும்" என்று ஒட்டிவிட்டுப் போன மகராசனே, உயரத்தை அளந்து யாரய்யா சேலை விற்கிறார்கள்? ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைந்த மாரிக்கனியை உன் காகிதத்தைக் காட்டியே நாலு கடையில் விரட்டிவிட்டார்கள்.

ஐந்தாவது கடையில் மேனேஜர் ஜெகதீசன், மேடை போட்ட கல்லாவில் உட்கார்ந்து அவளைக் குனிந்து பார்த்தார்.

"கதவுல போட்டிருக்கிறது படிக்கத் தெரியலையாம்மா?"

"படிச்சுட்டுத்தான் சார் வந்தேன்."

"அடேங்கப்பா! அப்ப டாலுக்கும் ஹைக்கும் என்ன வித்தியாசம்? சரியாச் சொல்லு, இன்னைக்கே வேலை."

சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு ஆளு காலுல இருந்து தலை வரைக்கும் நெட்டையா இருந்தா, டால். தரையில இருந்து ரொம்ப மேல ஏறி உக்காந்திருந்தா, அந்த இடம் ஹை. நீங்க இருக்கிற இடம் ரொம்ப ஹை சார். நீங்க டாலா இல்லையான்னு இறங்கி நின்னாத்தான் தெரியும்."

ஜெகதீசன் ஆத்திரத்தில் தடதடவென்று இறங்கி வந்து நேருக்கு நேர் நின்றார். மாரிக்கனியைவிட ஒரு விரற்கடை குறைச்சல்! கடையே சிரித்தது.

"உங்களுக்கு வேலை குடுத்த முதலாளி யாரு சார்? அவர்கிட்டயே என்னைப் பத்தியும் சொல்லுங்க."

அன்றைக்கே வேலை. அந்தக் கதவில் இருந்த காகிதத்தை அவளே கிழித்துப் போட்டாள். மிச்சம் நாலு கதவு இருக்கிறது, மகராசனே. ஒட்டின நீயே வந்து கிழி! கை எட்டாவிட்டால் சொல், ஸ்டூல் அவள் தருவாள்.