சேற்றில் பதிந்த குஞ்சுக் கால்

ஏரிக்கரைச் செம்மண் மேட்டில் அல்லி என்ற ஆள்காட்டிக் குருவி மூன்று குஞ்சுகள் பொரித்தாள். ஆள்காட்டிகள் கூடு கட்டுவதில்லை. குஞ்சுகளைக் கூழாங்கற்களுக்கு நடுவே கிடத்தி, யார் கண்ணிலும் படாமல் வளர்ப்பார்கள்.

ஆனால் அந்த ஏரியில் ஒரு வழக்கம் வந்திருந்தது. பிள்ளைகளின் கால் தடத்தை ஈரச் சேற்றில் பதிப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் மெச்சிக்கொண்டு பக்கத்தில் தங்கள் காலையும் வைத்துவிட்டுப் போவார்கள்.

"என்னடி, உன் பிள்ளைங்க தடத்தை இன்னும் காணோம்? என் பிள்ளைங்களுக்கு நாரை மாமாவே வந்து கால் வெச்சாரு!" என்று பீற்றிக்கொண்டாள் நீர்க்கோழி.

அல்லிக்கு ஆசை தாங்கவில்லை. புருஷனிடம் போனாள்.

"என்னங்க, ஒரே ஒரு தடவை!"

"நம்ம பொழப்பே மறைஞ்சு வாழறதுதானே? வேண்டாம்!"

"எங்க அக்கா எதிர்க்கரையில அடைகாக்கிறா. தண்ணி குடிக்க மட்டும்தான் எழுந்து இந்தச் சேத்துப் பக்கம் வருவா. அவ எப்பத்தான் நம்ம பிள்ளைங்களைப் பார்ப்பா?"

அவன் அரை மனதாய்த் தலையாட்டினான்.

மறுநாள் காலை, செம்மண் ஒட்டிய பிஞ்சுக் கால்களைச் சேற்றில் வைத்தாள்.

"சில்லுனு இருக்கும்மா, எனக்கு வேண்டாம்!" என்று சிணுங்கினான் மூத்தவன்.

"ஒரு நொடிடா கண்ணு!"

நண்பகலில் அல்லி மட்டும் வந்து பார்த்தாள். பக்கத்தில் பதினொரு தடங்கள்! அக்கா மட்டுமே மூன்று முறை கால் வைத்திருந்தாள்.

"நடு விரல் அப்படியே எங்க அப்பாவோடதுன்னு சொல்லி அழுதா உங்க அக்கா!" என்றாள் நீர்க்கோழி. அல்லிக்கு உச்சி குளிர்ந்தது.

"இது யாரோடது? அஞ்சு விரலும் கூர் நகமுமா இருக்கே?"

"யாரோ புதுசு! நல்லதுதானே!"

அல்லி அந்த நகங்களை மறுபடி உற்றுப் பார்த்தாள். கீரி! மேட்டை நோக்கிப் பறந்தாள்.

அங்கே கீரி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. "மூணு குஞ்சு. பறக்கத் தெரியாத வயசு. தடத்துல செம்மண் ஒட்டியிருந்துச்சு. இந்த ஏரியில செம்மண் இருக்கிறது இங்கே மட்டும்தான்!"

அல்லி கத்தினாள். குஞ்சுகள் கல்லாய் உறைந்தன. அவள் ஒரு சிறகை ஒடிந்தது போல் இழுத்து இழுத்து நடந்தாள். பெரிய இரை கிடைத்ததென்று கீரி அவள் பின்னால் ஓடியது. முட்புதர் தாண்டியதும் விருட்டென்று பறந்துவிட்டாள்.

குடும்பத்தை வேறு மேட்டுக்கு மாற்றிவிட்டு, தடத்தை அழிக்க ஓடி வந்தாள். வெயிலில் சேறு இறுகிக் கிடந்தது. நகம் தேயச் சுரண்டியும் ஒன்றும் அழியவில்லை. பக்கத்தில் அக்காவின் தடம் தெரிந்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

"நான் பண்ணினது தப்புதான். அப்போ அக்கா பார்த்து அழுததும் தப்பாங்க?" என்று திரும்பிப் போய்ப் புருஷனிடம் கேட்டாள்.

"எனக்கும் புரியலை" என்றான் அவன்.

"நான்தான் அப்பவே வேண்டாம்னு சொன்னேனே!" என்றான் மூத்தவன். அல்லி தலைகுனிந்தாள்.

பிள்ளைகளை ஊருக்குக் காட்டி மகிழ நினைப்பவர்கள், பார்க்க வருபவர்களில் கீரியும் இருக்கும் என்பதையும், காய்ந்த சேற்றை அழிக்க முடியாது என்பதையும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.