ஆளில்லாத இலை

நெடுங்குளம் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேளைப் பந்தியானாலும் கதவோரத்தில் ஓர் இலை அதிகமாக விழும். மற்ற இலைகளுக்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் அதற்கும் பரிமாறுவார்கள். இலைக்கு முன்னால் ஆள் இருக்காது. பந்தி முடிந்து மற்ற வேலையெல்லாம் ஓய்ந்ததும் அது மாட்டுக்குப் போகும்.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. சமையல் பார்க்கிற தவசிப்பிள்ளையைக் கேட்டால், "எங்கப்பா போட்டார், நானும் போடுதேன்" என்பார். அவருக்கு அதோடு வேலை முடிந்தது.

புலவர் ஆவுடையப்பனுக்கு அதோடு முடியவில்லை. கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றபின், மடத்தில் தீட்சை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர் அவர். மடாதிபதியைவிடப் பத்து வயது மூத்தவர். மூத்தவரானால் என்ன, சீடர் சீடர்தானே. அந்த ஓர் இலையை வைத்து அவர் எழுதினார், எழுதினார், பதினோரு வருஷம் எழுதினார். ஆகமம், கல்வெட்டு, செப்பேடு, ஒன்றையும் விடவில்லை. எண்ணூறு பக்கம் வந்தது.

அந்த இலை மடத்தை நிறுவிய ஆதிகுருவுக்கு உரியது, வேறு எவரும் அதன்முன் அமரலாகாது என்பது நூலின் முடிவு. முன்னாளில் நேரங்கழித்து வந்தவர்கள் சிலர் அதில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனதுண்டு. அந்த அடாத செயலுக்கென்றே ஒன்பதாம் அத்தியாயத்தை ஒதுக்கி, 'பிற்கால வழு' என்று தலைப்பும் கொடுத்திருந்தார்.

நூல் அச்சுக்குப் போகுமுன்பே ஊருக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. புலவர் அங்கங்கே பேசியதைக் கேட்டவர்கள் இலைக்கு முன்னால் விளக்கு வைத்தார்கள். கோலம் போட்டார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் பித்தளையில் சின்னதாக ஒரு கம்பித் தடுப்பு செய்து கொடுத்தார். ஜனங்கள் இலையை விழுந்து கும்பிட்டுவிட்டே சாப்பிட உட்கார்ந்தார்கள். பார்க்கப் பார்க்கப் புலவருக்கு மனசு குளிர்ந்தது.

ஒரே ஒரு குறை. மடம் ஒரு நூலை வெளியிட வேண்டுமானால் மடாதிபதி தம் கையால் முதல் பக்கத்தில் ஆசி எழுதித் தரவேண்டும். கையெழுத்துப் படியை வாங்கி வைத்துக்கொண்ட அந்த மனிதர் எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை, எழுதித் தொலைக்கவும் இல்லை.

"சாமி, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நல்ல கனமா இருக்கு."

ஒரு மாதம் பொறுத்துப் போனார்.

"சாமி, படிச்சீங்களா?"

"கண்ணாடியை மாத்தணும்."

இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

"சாமி, கண்ணாடி மாத்தியாச்சா?"

"ஆச்சு. இப்ப எழுத்து நல்லாத் தெரியுது. எங்கே பார்த்தாலும் எழுத்தாத்தான் இருக்கு."

திட்டினால் பரவாயில்லை, தப்பு என்று சொன்னாலும் பரவாயில்லை. புலவருக்குப் போய் எங்கேயாவது தலையை முட்டிக்கொள்ளலாம் போல வந்தது.

குருபூசை நாளும் வந்துவிட்டது. சாயங்காலம் சபையில் நூலை முன்வைத்தாக வேண்டும். மறுத்துப் பேச ஒருவரை அழைப்பது மடத்து முறை. அப்படி அழைக்கப்பட்டு, நூலின் நகலையும் முன்னதாகவே வாங்கிப் படித்திருந்தவர் பேராசிரியர் காந்திமதிநாதன். அவரும் அதே இலையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்தான். அது இறந்தவர்களுக்குப் படைக்கிற இலை என்பது அவர் கட்சி. நேரில் பார்த்தால் இருவரும் கும்பிடு போட்டுக்கொள்வார்கள், அடிக்குறிப்புகளில் ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள்.

பேராசிரியர் வந்தபோது மத்தியானப் பந்தி முடிந்திருந்தது. பஸ் வழியில் நின்றுவிட்டதாம். திருவிழாக் கூட்டம் அண்டாவையே வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் அங்கங்கே சாய்ந்திருந்தது. வாசலில் வந்து நின்றவருக்குச் சட்டையெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

"சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன், தவசிப்பிள்ளை. வயித்துல ஒண்ணும் இல்லை. ஏதாவது குடுங்க, உடனே."

தவசிப்பிள்ளை கையைப் பிசைந்தார். "பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்தாச்சே ஐயா. வெல்லம், சீனியெல்லாம் பாயசத்துக்கே பத்தலை. ஒரு அரைமணி பொறுத்தா உலை வச்சிருவேன்."

"அரைமணியா?" என்று சொல்லிப் பேராசிரியர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

எல்லார் கண்ணும் கதவோரம் போயிற்று. பித்தளைத் தடுப்புக்குப் பின்னால் அந்த இலை அப்படியே இருந்தது. சோறு, பருப்பு, அவியல், ஓரத்தில் தொன்னை நிறையப் பாயசம்.

புலவர் ஒரே எட்டில் போய்த் தடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அது கூடாது."

ஆவுடையப்பன் கெட்டவர் இல்லை. வேறொரு நாளாயிருந்தால் தன் இலையையே நகர்த்திக் கொடுத்திருப்பார். ஆனால் சாயங்காலம் சபை. அந்த இலையில் ஒருவர், அதிலும் இந்த மனிதர், உட்கார்ந்து எழுந்தாரென்றால் பதினோரு வருஷமும் அவர் கூடவே எழுந்து போய்விடும். அந்தப் பயம் அவருக்கு.

"ஓய், உம்ம இலை யாருக்கு வேணும்?" என்றார் பேராசிரியர். நாக்குக் குழறியது. "அது பிதிர்களோட இலை. அதுல உட்கார்ந்தா நான் செத்தவன்னு ஆயிரும்."

"பிதிர் இலையா? எந்த ஆகமத்துல இருக்கு?"

"உம்ம அஞ்சாம் அத்தியாயத்துலயே இருக்கு. நீர்தான் பாதிச் சுலோகத்தை முழுங்கிட்டீர்."

"முழுங்கினது நானா? பாடபேதத்தைப் பாரும் முதல்ல."

அட ராமா. ஒருத்தர் விழப்போகிறார். இன்னொருத்தர் தாங்கிப் பிடிக்கிற கையை நீட்டி மறித்துக்கொண்டு நிற்கிறார். நடுவிலே பாடபேதம்.

சத்தம் கேட்டு மடாதிபதி உள்ளேயிருந்து வந்தார். இருவரும் பேசுவதைச் சற்று நேரம் கேட்டார். பல்வலிக்காரர் மாதிரி அவர் முகம் சுருங்கியது. புலவரைக் கையால் ஒதுக்கிவிட்டு, தடுப்பைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். பேராசிரியரின் தோளைப் பிடித்து இலைக்கு முன்னால் அழுத்தினார்.

"உட்காரும்."

"சாமி, அதுல உட்கார்ந்தா செத்தவன்னு..."

"உட்காராட்டியும் அதான் நடக்கும் போல இருக்கு. முதல்ல பாயசத்தைக் குடியும்."

பேராசிரியர் குடித்தார். பிறகு சோற்றில் கை வைத்தார். கூடத்தில் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

புலவருக்குத்தான் பொறுக்கவில்லை. "சாமி, அது ஆதிகுரு இலை."

"அவர் வந்து கேட்டா என்னைக் காட்டும்."

கொஞ்ச நேரத்தில் பேராசிரியருக்கு நடுக்கம் நின்றது. முகத்தில் ரத்தம் ஓடியது. அவியலை வழித்து வாயில் போட்டுக்கொண்டே, "ஓய், அந்த அஞ்சாம் அத்தியாயம்..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பிட்டு முடியும்," என்றார் மடாதிபதி.

புலவர் விறுவிறுவென்று மடாதிபதியின் அறைக்குப் போனார். கட்டாகக் கிடந்த தன் கையெழுத்துப் படியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். மூச்சு வாங்கியது.

"பதினோரு வருஷம், சாமி. எழுதினது தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க. அந்த இலை யாருக்குன்னு நீங்களே சொல்லிருங்க. இதை அடுப்புல போட்டுட்டு நான் சும்மா இருக்கேன்."

"யாருக்குன்னு எனக்குத் தெரியாதே."

"தெரியாதா? அப்ப நான் எழுதினது?"

"சரியாவும் இருக்கலாம்."

"சரியா இருந்தா ஆசி எழுதித் தர்றதுக்கு என்ன?" புலவரின் குரல் உடைந்தது. குருவிடம் இப்படிப் பேசுகிறோமே என்றுகூட அப்போது தோன்றவில்லை. "அதுல அப்படி என்னதான் குறை, சாமி? நானும் எத்தனை தடவைதான் வந்து நிக்கிறது?"

மடாதிபதி கதவோரத்து இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். ஒரு தாளைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். மேலிருந்து கீழ்வரை எழுத்து. இடம் போதாமல் ஓரத்திலும் எழுத்து. அதற்குமேல் ஒட்டுத்தாள் ஒட்டி அதிலும் எழுத்து. புரட்டிக்கொண்டே போனார். புலவர் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் பேராசிரியர் தொன்னையின் அடியில் மிச்சமிருந்த பாயசத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"பந்தி நல்லா நீளமாத்தான் போட்டிருக்கீர், புலவரே," என்றார் மடாதிபதி. "எண்ணூறு இலை. எல்லா இலையிலயும் நீரே உட்கார்ந்திருக்கீர். நேரங்கழிச்சு ஒருத்தர் வந்தா எங்கே உட்காருவார்?"