ஷெர்லின் செருப்பு வராத வாரம்

நெல்லைப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரி. அங்கே உளவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இரண்டாம் ஆண்டில் பிறழ்நிலை உளவியல் என்று ஒரு பாடம் உண்டு. மனசுக்கு வரும் நோய்களைப் பற்றியது. அதைப் படித்தால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று சீனியர் பிள்ளைகள் பயமுறுத்தி வைத்திருப்பார்கள். அதில் பாதி உண்மை.

பாடம் எடுப்பவர் கோமதி மேடம். குள்ளம், ஒல்லி. புதிதாய்ச் சேர்ந்த வாட்ச்மேன் ஒருமுறை அவரையே மறித்து அடையாள அட்டை கேட்டான். அவரும் எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அவர் உட்காரும் சைக்காலஜி லேபுக்குள் செருப்போடு நுழையக் கூடாது. ஆகவே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று வாசலே சொல்லிவிடும். ஒவ்வொரு நோயை நடத்தி முடித்ததும் அங்கே செருப்பு குவியும். பதற்ற நோய் நடத்திய வாரம் பாதி வகுப்புக்குப் படபடப்பு. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் நோய் நடத்திய வாரம், ஹாஸ்டலில் ஒரு பூட்டுக்கும் ஓய்வில்லை.

இசக்கியம்மாளை எந்த வாரமும் நோய் விட்டு வைக்கவில்லை.

"மேடம், குளிக்கும்போது யாரோ என் பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கு."

"யார் குரல்?"

"எங்க அம்ம குரல்."

"வீட்டுக்கு எப்பப் போன?"

"பொங்கலுக்குப் போனது."

"இந்த வாரம் ஒரு எட்டுப் போயிட்டு வா."

போய்விட்டு வந்தாள். குரல் நின்றுபோனது.

அவளோடு ஒட்டிக்கொண்டே வருபவள் ஷெர்லின். குளச்சல்காரி, ஹாஸ்டலில் இசக்கிக்குப் பக்கத்துக் கட்டில். எந்த நோயானாலும் லேப் வாசலில் முதல் செருப்பு அவளுடையதுதான், நீல வார் போட்டது. உள்ளே வந்து அந்த வார நோயை அப்படியே நடித்துக் காட்டுவாள். மேடத்துக்கே சிரிப்பை அடக்க முடியாது.

ஒருநாள் இசக்கி கேட்டாள்.

"மேடம், புஸ்தகத்துல உள்ள எல்லா வியாதியும் எனக்கு இருக்க மாதிரியே இருக்கு. நெசமாவே ஒருத்திக்கு இருந்தா எப்படித் தெரியும்?"

மேடம் பேனாவை மூடினார்.

"பாடம் இன்னும் முடியலல்ல? முடியட்டும்."

அடுத்த வாரம் மனச்சோர்வு. உயிரை விட நினைப்பவரிடம் தெரியும் அறிகுறிகளை மேடம் நிதானமாகச் சொன்னார். ஆட்களை விட்டு ஒதுங்குவது. அருமையாய் வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது. வாடிக் கிடந்தவர் திடீரென்று தெளிந்து அமைதியாவது. இசக்கி சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டாள். பரீட்சைக்குக் கட்டாயம் வரும்.

அன்று சாயங்காலம் வாசலில் செருப்பு விட இடமில்லை. வகுப்பே சோர்ந்து போயிருந்தது. மேடம் எழுந்து வந்து வாசலைப் பார்த்தார். நீல வார்ச் செருப்பு அதில் இல்லை.

"ஷெர்லின் வரலையா?"

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. "அவளுக்கு இந்த வியாதி மட்டும் இல்லையாம் மேடம். நீ போயிட்டு வாடின்னுட்டா."

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா மேடம். கொஞ்ச நாளா ராத்திரி தூங்காம உருண்டுக்கிட்டுக் கெடந்தா. இன்னைக்குக் காலையில பாத்தா முகம் தெளிஞ்சிருக்கு. ரூமெல்லாம் அவளே தூத்துப் பெருக்கி விட்டா."

மேடம் இசக்கியின் காதைப் பார்த்தார்.

"ஜிமிக்கி புதுசா?"

"ஷெர்லினோடது, மேடம். அவங்க அம்ம போட்டிருந்தது. உனக்குத்தான் எடுப்பா இருக்கும், நீயே வச்சுக்கோன்னு..."

சிவப்பு மையால் கோடு போட்ட வரி இசக்கியின் காதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கை தானாக ஜிமிக்கியைத் தொட்டது. நிமிர்ந்து பார்த்தபோது மேடம் வெறுங்காலோடு ஹாஸ்டலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். இசக்கியும் செருப்பை மறந்து பின்னால் ஓடினாள்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. போர்வை மடித்திருந்தது, புத்தகங்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஷெர்லின் இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க மேடம். எனக்கு இந்த வாரம் ஒரு வியாதியும் இல்ல."

மேடம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"ஷெர்லின், செத்துப் போயிரலாம்னு நினைக்கியா?"

அந்த வார்த்தையை எடுத்தாலே "அச்சானியமாப் பேசாத" என்று வாயை அடைக்கிற வீட்டில் வளர்ந்தவள் இசக்கி. நல்லா இருக்கிற பிள்ளையிடம் இப்படியா கேட்பார்கள்?

ஷெர்லினின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"ஆமா மேடம்."

"எப்ப இருந்து?"

"அம்ம தவறிப் போனதுல இருந்து."

"இன்னைக்கா?"

"இன்னைக்குன்னுதான் இருந்தேன்."

"சரி. நான் இங்கதான் இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஷெர்லின் கட்டிலை விட்டு நழுவித் தரைக்கு வந்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். அத்தனை அழுகை ஒரு சின்ன உடம்புக்குள் இருந்திருக்கிறது. இசக்கி சுவரோடு சாய்ந்து நின்றாள். கை எட்டும் தூரத்தில் படுத்திருந்தவள். மூச்சு விடுவதுகூடக் கேட்டிருக்கிறது. ஆனாலும் அவளுக்குள் இருந்தது தெரியவில்லை. மனசு என்பது இவ்வளவு பெரிதா என்று இசக்கிக்கு உடம்பு சிலிர்த்தது. பூட்டிக் கிடந்ததை ஒரு கேள்வி திறந்துவிட்டதே என்று இன்னொரு தடவை சிலிர்த்தது.

அன்றே மேடம் ஷெர்லினை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். குளச்சலில் இருந்து அவள் அப்பா வந்து சேரும்வரை கூடவே இருந்தார்.

அப்பாவோடு ஊருக்குப் போன ஷெர்லின் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். மாத்திரை தொடர்கிறது. முன்னைவிடக் குறைவாகத்தான் சிரிக்கிறாள், ஆனால் அழுகை வந்தால் இசக்கியை எழுப்பிவிடுகிறாள். ஜிமிக்கியை இசக்கியே அவள் காதில் மாட்டிவிட்டாள்.

பாடம் முடிந்தது. பரீட்சையும் முடிந்தது. இசக்கி ஒருநாள் லேபுக்குப் போனாள். வாசலில் மேடத்தின் செருப்பு மட்டும் கிடந்தது.

"வா இசக்கி. இந்த வாரம் என்ன வியாதி?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"பிறகு?"

"நம்ம கிளாஸ் தங்கபுஷ்பம் மெஸ்ஸுக்கே வரதில்ல. கேட்டா வயிறு சரியில்லங்கா. கதவு வரைக்கும் போனேன். தட்டப் பயமா இருந்துச்சு, வந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே செருப்பின் வாரைக் கழற்றக் குனிந்தாள்.

மேடம் எழுந்து வந்தார்.

"செருப்பக் கழத்தாத. நீ முன்னால போய்த் தட்டு. நான் பின்னால வாரேன்."