இருநூறு கிராம் பகை

வெள்ளெருக்கம்பட்டிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்பவர்கள் பொறாமை பிடித்தவர்கள். மூளை இருந்தது. யாரும் எடுத்துப் புழங்காததால் புத்தம்புதிதாகவே இருந்தது.

அந்த ஊர் அங்கண்ணன், இருநூறு கிலோ இரும்பைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பான். பதினொரு வருசத்துக்கு முன்னால் ஜில்லா வலுதூக்கும் போட்டியில் அறுபத்தாறு கிலோ வகுப்பில் இறங்கினான். குறிச்சிப்புதூர் தாசப்பனும் அதே வகுப்பு. அவனும் அதே இருநூறைத் தூக்கினான். சமமாகத் தூக்கினால் உடம்பு எடை குறைந்தவனுக்குத்தான் கோப்பை என்பது சட்டம். தாசப்பன் இருநூறு கிராம் குறைவாக இருந்தான்.

அன்று காலையில் தின்ற இரண்டு வாழைப்பழத்தை அங்கண்ணன் இன்றுவரை மன்னிக்கவில்லை. தாசப்பனை மன்னிக்கிற பேச்சே கிடையாது. அவனும் சும்மா இருந்தானா? சந்தையில் பார்க்கும்போதெல்லாம், "என்ன இருநூறு கிராம், சௌக்கியமா?" என்று கேட்டான். பதினொரு வருசமும் கேட்டான்.

இந்தத் தடவை அவனை அதே வகுப்பில் ஜெயித்தே தீருவது என்று அங்கண்ணன் கிளம்பினான். ஆறுச்சாமி, குப்பணன், இன்னும் இரண்டு பேர் என்று நான்கு சிநேகிதர்கள் துணைக்குப் போனார்கள்.

எடை மெஷினில் ஏறி நின்றான். அறுபத்தாறு கிலோ நானூறு கிராம்.

"நானூறு கிராம் கூடுதல். ஒரு மணி நேரம் இருக்கு. ஓடி வேர்வை விட்டுக் குறைச்சிட்டு வாங்க" என்றார் அதிகாரி.

ஐந்து பேரும் மரத்தடியில் கூடினார்கள்.

"ஓடினா இவனுக்குக் களைப்பு வரும். அப்புறம் எப்படித் தூக்குவான்?" என்று கேட்டான் குப்பணன்.

"அதுக்குத்தானே நாம வந்திருக்கோம்!" என்றான் ஆறுச்சாமி. அந்தக் கூட்டத்திலேயே யோசனைக்காரன் அவன்தான். "நாம நாலு பேர். ஆளுக்கு நூறு கிராம் வேர்வை விட்டா கணக்கு நேராயிடும். அங்கண்ணா, நீ படுத்துத் தூங்கு."

நால்வரும் வெயிலில் மைதானத்தைச் சுற்றி நாக்குத் தள்ள ஓடினார்கள். குப்பணன் சந்தேகத்துக்கு இன்னும் ஒரு சுற்று சேர்த்து ஓடினான். பிறகு அங்கண்ணனை எழுப்பி மெஷினில் ஏற்றினார்கள். முள் அசையவில்லை.

"சார், மெஷின் குறிச்சிப்புதூர்க்காரங்களுக்குச் சொந்தமா?" என்று ஆறுச்சாமி கேட்டான். அதிகாரி அங்கண்ணன் பெயரை எழுபத்து நான்கு கிலோ வகுப்பில் எழுதிவிட்டார்.

அங்கண்ணன் இடிந்து போனான். "தாசப்பன் அறுபத்தாறுல நிக்கிறான். நான் இங்கே நின்னு யாரை ஜெயிக்கிறது?"

"முதல்ல இந்த வகுப்புல தூக்கு. மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றான் ஆறுச்சாமி. சுவரில் ஆண்களின் உலக சாதனைப் பட்டியல் ஒட்டியிருந்தது. இடுப்புப் பட்டை தவிர வேறு உதவி இல்லாமல், எந்த எடை வகுப்பில் யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று வரிசையாகப் போட்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான் ஆறுச்சாமி.

"பாருங்கப்பா, அறுபத்தாறு கிலோக்காரனைவிட எழுபத்து நாலு கிலோக்காரன் அதிகமாத் தூக்கியிருக்கான். அப்போ தூக்கினது யாரு? அந்த எட்டு கிலோதானே! அங்கண்ணன்கிட்ட இன்னும் ஏழரை கிலோ இடம் காலியா இருக்கு."

உடனே பக்கத்துக் கடையிலிருந்து இட்லி வந்தது. நாற்பத்தோரு இட்லி, ஒரு வாளி சாம்பார். பெயர் கூப்பிட்டபோது அங்கண்ணன் மேடைக்கு உருண்டு போனான். குனிந்து இரும்புத் தண்டைப் பிடிக்க வேண்டும். வயிறு விடவில்லை. தண்டு எங்கே கிடக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வாய்ப்பும் தேடுவதிலேயே போய்விட்டது.

அந்தப் பக்கம் தாசப்பன் மறுபடியும் கோப்பை வாங்கினான். போகிற போக்கில், "என்ன இருநூறு கிராம், இட்லி எப்படி?" என்று கேட்டான்.

ஊர் திரும்பிய அங்கண்ணன் யாரிடமும் சொல்லாமல் தினமும் ஒரு வேளைச் சோற்றை விட்டான். அடுத்த வருசம் அறுபத்தாறுக்குள் அடங்கிக் காட்டுகிறேன் என்று வீறாப்பு.

சிநேகிதர்களும் அவனிடம் சொல்லாமல் ஒரு முடிவு எடுத்தார்கள். "இவனைக் குறைக்க நம்மால ஆகலை. தாசப்பனை ஏத்தி இவன் வகுப்புக்குக் கொண்டுவந்துட்டா என்ன?" என்றான் ஆறுச்சாமி. வாரம் தவறாமல் குறிச்சிப்புதூருக்குக் கறிக்குழம்பும் அதிரசமும் தூக்கிக்கொண்டு போனார்கள். "எங்க அங்கண்ணனை ஜெயிச்ச கை, நல்லாச் சாப்பிடணும்" என்றார்கள். தாசப்பன் நெகிழ்ந்து போய்ச் சாப்பிட்டான். குறிச்சிப்புதூரிலும் மூளை புத்தம்புதிதுதான்.

அடுத்த வருசம் போட்டி நாள். அங்கண்ணன் வாடி வதங்கி மெஷினில் ஏறினான். அறுபத்தைந்து கிலோ எண்ணூறு. "வந்துட்டேன்டா தாசப்பா!" என்று கத்தினான். அடுத்து தாசப்பன் மூச்சு வாங்க ஏறினான். எழுபத்து மூன்று கிலோ நானூறு.

"தாசப்பன், எழுபத்து நாலு கிலோ வகுப்பு" என்றார் அதிகாரி.

அங்கண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நால்வரும் கூனிக் குறுகி உண்மையைச் சொன்னார்கள். அவன் அடிக்கக் கை ஓங்கினான். வயிறாரச் சாப்பிட்டு வருசமாகியிருந்ததால் கை பாதியிலேயே இறங்கிவிட்டது.

"அடிக்காதே, வழி இருக்கு" என்றான் ஆறுச்சாமி. "ரெண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி, வர்றதைச் சரிபாதியாப் பிரிச்சிடலாம். ஒரே எடை, ஒரே வகுப்பு."

தாசப்பனுக்கும் அது நியாயமாகவே பட்டது. பரம எதிரிகள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு மெஷினில் ஏறினார்கள். நூற்று முப்பத்தொன்பது கிலோ இருநூறு கிராம்.

குப்பணன் விரல் விட்டு எண்ணினான். "ஆளுக்கு அறுபத்தொன்பதரை. இருநூறு கிராம் மிச்சம்."

"அது அங்கண்ணனோடது" என்றான் தாசப்பன் சட்டென்று.

"என்னுதா? பன்னெண்டு வருசமா என்னுதா? உன்னுதுடா!"

யார் முதலில் இறங்குகிறார்களோ, இருநூறு கிராம் அவர்கள் கூடவே போய்விடும் என்று ஆறுச்சாமி இருவருக்கும் எடுத்துச் சொன்னான். போட்டி முடிந்து, கோப்பையை வேறு ஊர்க்காரன் வாங்கிக்கொண்டு போய், அதிகாரி மண்டபத்தைப் பூட்ட வந்தபோதும், இருவரும் கட்டிப்பிடித்தபடி மெஷின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.