முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர்

மறுநாள் காலையில் உமையாள் முதன்முறையாகக் குருவின் இடத்தில் அமர்ந்து பாடம் சொல்ல வேண்டும். அந்த மகிழ்ச்சி அவளை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. மலையடிவார ஆசிரமத்தின் புதிய கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

கூடத்தின் மூன்று பக்கமும் சன்னல்கள். வண்ணம் பூச இருந்தது ஒரே சுவர். அதில் இடப்பக்கம் கருநீலத்தில் ஒரு பட்டை. வலப்பக்கம் இளஞ்சந்தனத்தில் ஒரு பட்டை.

"நீலமே இருக்கட்டும், தங்கையா. ஆழமான குளம்போல் என்ன குளிர்ச்சி! பார்த்ததும் மனம் அடங்கிவிடும்."

பெயிண்டர் தங்கையா ரோலரை நீலத்தில் தோய்த்தார்.

"நில்லுங்கள்! வருகிறவர்கள் மிரண்டுவிட்டால்? சந்தனம்தான் வா என்று அழைக்கும்."

"காலையிலேருந்து ரோலரைக் கழுவுறதே என் வேலையாப் போச்சும்மா" என்றார் தங்கையா.

அப்போது குரு மீனலோசனி உள்ளே வந்தார். வயதில் உமையாளைவிட இளையவர். ஆனாலும் உமையாளுக்கு அவர் அம்மாதான்.

"நல்ல வேளையாக வந்தீர்கள், அம்மா! வந்தவர்கள் முதல் நாளே எழுந்து போய்விட்டால் நான் என்ன செய்வேன்? நீலமா, சந்தனமா? நீங்களே சொல்லிவிடுங்கள்."

"உங்கள் மூக்கில் இரண்டும் இருக்கின்றன. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன."

தங்கையா சிரிப்பை அடக்கிக்கொண்டார். உமையாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நீலம் கன்னத்துக்கும் பரவியது.

குரு ஒரு பாயை எடுத்துச் சுவருக்கு முன்னால் விரித்தார். "நாளை அமரப்போகும் இடத்தில் அமருங்கள்."

உமையாள் அமர்ந்தாள்.

"இப்போது எந்த நிறம் பிடிக்கிறது?"

அவள் கழுத்தைத் திருப்பினாள்.

"திரும்பாமல் சொல்லுங்கள். பாடம் நடக்கும்போது திரும்பிக்கொண்டா இருப்பீர்கள்?"

"திரும்பாவிட்டால் சுவர் தெரியாதே, அம்மா."

"என்ன தெரிகிறது?"

"வெறும் தரை... வாசல்."

"நாளை?"

உமையாளின் கண்கள் விரிந்தன. "வந்தவர்களின் முகங்கள்!"

குரு எதிரே போய், மாணவர்கள் அமரும் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். அவர் பார்வை உமையாளைத் தாண்டிச் சுவரில் பதிந்தது. இரண்டு பட்டைகளையும் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கையா, டப்பாக்களை மூடிவிடுங்கள். நாளை பாடம் முடிந்ததும் வாருங்கள்."

உமையாள் பதறி எழுந்தாள். "இந்த அரைகுறைச் சுவரை வைத்துக்கொண்டா? முதல் நாள் அவர்களிடம் என்ன சொல்லித் தொடங்குவேன்?"

"எதுவும் சொல்ல வேண்டாம், உமையாள். எந்த நிறம் வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள்."