செந்நீறு

மழைக்காலம் முழுக்கத் தலயாத்திரை போயிருந்த மங்கையம்மை திரும்பி வந்தபோது, மடத்து வாசலில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகுட்டிகளோடு ஊரே வாகை மரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

கூத்தபிரான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். அம்மையை விடப் பத்து வயது மூத்த சீடர். மடத்துப் பொறுப்பு அவருடையது.

"அம்மா, இந்த மரத்தடியில நீங்க உட்கார்ற பலகை மேல தானா செந்நீறு விழுது. துடைச்சா மறுநாளும் விழுது. சனங்க பூசிக்கிறாங்க."

அவர் நெற்றியிலும் பழுப்பாக ஒரு பட்டை இருந்தது.

"எங்கேருந்து விழுது?"

"உங்க தவத்துலேருந்துதான். வேற எங்கேருந்து விழும்?"

பாவம், மனுஷர் மனசாரத்தான் சொன்னார்.

அம்மை மரத்தைப் பார்த்தார். அடிமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி தொங்கியது.

"இது யார் கட்டினது?"

"நான்தான். ஏதோ முளைச்சிருந்துச்சு, பார்க்க நல்லா இல்லை. விசேஷ மரமாச்சே."

அம்மை துணியை அவிழ்த்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காளான்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே மெருகேற்றிய பழுப்பு, அடியில் வெள்ளை. வெள்ளையில் நகத்தால் கீறினார். கீறல் பழுப்பாயிற்று. காளானைத் தட்டியதும் உள்ளங்கையில் பொடி உதிர்ந்தது. கையைச் சீடரின் நெற்றிக்கு நேரே பிடித்தார். இரண்டும் ஒரே நிறம்.

கூத்தபிரான் தன் நெற்றியைத் தடவி விரலைப் பார்த்தார். ஊருக்கே தன் கையால் பூசிவிட்டிருக்கிறார்.

"காளான் பொடியா அம்மா?"

"மரக்காளான். உள்ளே தின்னுட்டுத்தான் வெளியே தலைகாட்டும்."

அம்மை ஊன்றுகோலை அடிமரத்தில் அழுத்தினார். முழங்கை ஆழத்துக்குச் சத்தமில்லாமல் இறங்கியது. வெளியே இழுத்தபோது ஊறிய அவல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் மரம்.

கூத்தபிரான் அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு இலைகூடப் பழுக்கவில்லை. கீழே ஒரு பெண் கைக்குழந்தையை மரத்தடியில் கிடத்திக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக்கு அக்கம்பக்கத்து ஊர்களையும் அழைத்திருந்தார்.

"அம்மா, இது எப்ப வேணும்னாலும்..."

"விழும். முதல்ல சனங்களை எழுப்புங்க. நடந்ததைச் சொல்லுங்க. அப்புறம் மரம் வெட்டுற ஆளைக் கூப்பிடுங்க."

கூத்தபிரான் இரண்டடி நடந்தார். நின்றார்.

"சொல்லிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்களே அம்மா. மடம் இப்பத்தானே தழைச்சு வருது."

அம்மை காளானைக் காட்டினார்.

"இதுவும்தான் தழைச்சு வருது."