சேர்மன் நிழலில் கிடந்த பேட்டரி

முத்துப்பேச்சி தையல்காரி. நினைத்தபோதெல்லாம் கரண்டு போகிற ஊரில் மிஷின் ஓடவேண்டுமே என்று கூரைமேல் ஒரு சோலார் பேனலும் வீட்டுக்குள் ஒரு பேட்டரியும் வைத்திருந்தாள்.

தை மாதம் ஒன்றிய சேர்மன் குலசேகரத்துக்குப் பிறந்தநாள் வந்தது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பே மூன்று வீட்டு அகலத்தில், பனை உயரத்தில் அவருடைய கட்டவுட்டைக் கொண்டுவந்து முத்துப்பேச்சி வீட்டுக்குத் தெற்கே நட்டார்கள். பேனல்மேல் பகல் முழுக்க அவர் நிழல்தான். பேட்டரி ஏறவில்லை, மிஷின் நின்றுபோனது.

"கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று சேர்மனிடம் போய் நின்றாள்.

"என் நெழல்ல இருக்க ஒரு கொடுப்பினை வேணும். போ, போ."

விழா அன்று சாயங்காலம் சேர்மன் மைக்கைப் பிடித்ததும் கரண்டு போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை.

"அந்தத் தையக்காரி வீட்டுல பேட்டரி இருக்குல்லா, எடுத்துட்டு வரச் சொல்லுங்கலே."

முத்துப்பேச்சி பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மாட்டினாள். மைக் ஒரு தடவை கரகரத்துவிட்டு அடங்கியது.

"என்ன எழவு பேட்டரி இது?"

"நல்ல பேட்டரிதான் அண்ணாச்சி." மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசைவரை போனது. "ஒரு வாரமா உங்க நெழல்லல்லா கெடந்துச்சு. அதான் ஒண்ணுமில்லாமப் போச்சு."

கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சேர்மன் பல்லைக் கடித்தார். "பின்ன அந்தக் கட்டவுட்ட எங்கதான் வைக்கச் சொல்லுத?"

"உங்க வீட்டுக்குத் தெக்க நட்டுக்கிடுங்க. அந்தக் கொடுப்பினை உங்களுக்கே இருக்கட்டும்."